நீர்க்காகம் கொடுத்த எண்ணெய்

பறவையும் எலியும் மனிதரோடு பேசிப் பழகிய அந்தக் காலத்தில், குமரையா என்பவர் ஒரு பாய்மரத் தோணிக்குத் தண்டலாக இருந்தார். தோணியின் தலைவரைத் தண்டல் என்றுதான் சொல்வார்கள்.

மரத்தோணி கடலில் நிலைக்க வேண்டுமென்றால் இரண்டு வேலைகள் தவறக்கூடாது. பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியப் பிசின் பூச வேண்டும். அதை இசக்கி என்ற பெண் செய்தாள். தண்ணீருக்குள் இருக்கும் பலகைகளுக்குத் தினமும் சுறா எண்ணெய் தடவ வேண்டும். அதை நீர்க்காகம் செய்தது. அதைப்போல முங்கத் தெரிந்தவர் தோணியில் வேறு யாருமில்லை. பானையிலிருந்து வாய் நிறைய எண்ணெய் எடுத்துக்கொண்டு முங்கும். திரும்பி வந்து அடுத்த வாய் எடுக்கும்.

ஒருமுறை தீவொன்றுக்கு நெல் ஏற்றிப் போனார்கள். அங்கே மழை பொய்த்து, ஜனங்கள் விதைநெல்லையும் தின்று தீர்த்திருந்தார்கள். ஐந்தாம் நாள் தோணிக்குள் அடித்தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.

குமரையா குனிந்து அடிமூட்டையைத் தொட்டுப் பார்த்தார். நெல் ஊறினால் உப்பும். மூட்டைகள் உப்பி நெருக்கினால் பலகைகளே பிரிந்துவிடும்.

"யாரோ நம்மை ஏமாத்துறாங்க" என்றார்.

அதோடு தோணியில் பேச்சு குறைந்தது. ஒருவர் கீழே இறங்கினால் இன்னொருவர் பின்னாலேயே இறங்கினார். சோறு உண்ணும்போதுகூட ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

நீர்க்காகம் குமரையாவின் தோளருகே வந்து உட்கார்ந்தது. "நான் சொன்னதா இருக்க வேண்டாம் தண்டலே. பஞ்சைக் கடிக்கிற பல்லு இந்தத் தோணியில யாருக்கு இருக்கு?"

தோணியில் குடியிருந்த எலியைப் பிடித்து வந்தார்கள். "இவ்வளவு நெல்லு கிடக்க, குங்கிலியம் தோய்ஞ்ச பஞ்சை நான் எதுக்குக் கடிக்கணும்?" என்று அது கேட்டது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழியில் வந்த மணல்திட்டு ஒன்றில் அதை இறக்கிவிட்டார்கள். எலி பாய் மறையும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது.

"எலி போயாச்சு. இனி மிச்சம் பஞ்சை அடைச்ச கைதானே?" என்றது நீர்க்காகம்.

குமரையா இசக்கியைக் கூப்பிட்டார். "அடுத்த திட்டு வந்ததும் நீ இறங்கிக்கோ."

"இறங்குறேன் அண்ணாச்சி. அதுக்கு முன்னால நான் அடைச்ச இடத்தைக் கையால தொட்டுப் பாருங்க."

இருவரும் கீழே இறங்கினார்கள். இடுக்குகளில் பஞ்சு கல்லாக இருந்தது. நடுப்பலகைதான் நைந்து, விரல் வைத்த இடமெல்லாம் குழிந்து தண்ணீர் கசிந்தது.

"எண்ணெய் கண்ட மரம் இப்படித் தண்ணி குடிக்குமா அண்ணாச்சி?"

"பானை தினமும் குறையுதே. என் கண்ணால பார்க்கிறேன்."

இசக்கி மேலே வந்து, தோணியின் விளிம்பில் குனிந்து கடலைப் பார்த்தாள். குமரையாவும் குனிந்தார். அப்போதுதான் நீர்க்காகம் வாய் நிறைய எண்ணெயோடு முங்கியிருந்தது. தோணியை ஒட்டி வெறும் தண்ணீர். பத்து ஆள் நீளத்துக்கு அப்பால் நீர்க்காகம் எழுந்தது. அதைச் சுற்றி மட்டும் ஏழு நிறத்தில் எண்ணெய்ப் படலம் விரிந்தது. சிறகில் ஒரு பொட்டு ஈரம் ஒட்டவில்லை.

"மேலே வா" என்றார் குமரையா.

"மீன் நெய்யா இருக்கும்" என்றது ஏறி வந்த பறவை. இசக்கி அதன் சிறகை விரலால் வழித்துத் தண்டலின் மூக்கருகே நீட்டினாள். சுறா எண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது.

நீர்க்காகம் தலையைத் தொங்கப்போட்டது. "சிறகில பூசினா வெயில்ல மினுமினுன்னு இருந்தது. ஒரு வாய்தானேன்னு தொடங்கினேன்."

"கழுத்தைத் திருகுங்க!" என்று கூவினார்கள் மாலுமிகள்.

"திருகினா மரம் சரியாகுமா?" என்றாள் இசக்கி. "பானை அடி தட்டிருச்சு. ஆனா இது வாலடியில சொந்த எண்ணெய் இருக்கு." பறவையைப் பார்த்துச் சொன்னாள்: "எடுத்ததைக் கொடு."

வாத்துக்கும் நாரைக்கும் இருப்பதுபோல நீர்க்காகத்துக்கும் அன்று வாலடியில் எண்ணெய் சுரந்தது. மூன்று நாள் அது அலகால் அந்த எண்ணெயைப் பிழிந்து பிழிந்து பலகை பலகையாகத் தடவியது. மேலே எல்லாரும் தண்ணீர் இறைத்தார்கள். ஒவ்வொரு தடவை எழும்போதும் அதன் சிறகு கூடுதலாகக் கனத்தது. மூன்றாம் நாள் பிழிந்தபோது ஒன்றும் வரவில்லை. அதற்குள் கரை தெரிந்தது. அடிவரிசை மூட்டைகள் போக மீதி நெல் பிழைத்தது.

திரும்பும் வழியில் குமரையா மணல்திட்டில் இறங்கி, எலியைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். சின்னக் கால்தடங்கள் நீர்விளிம்பு வரை போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

நீர்க்காகம் அருகே வந்து நின்றது. "பொய் சொன்னது நான்" என்றது.

"நம்பினது நான்" என்றார் குமரையா. தோணிக்கு வந்ததும் சுக்கானை இசக்கியிடம் கொடுத்துவிட்டுப் போய் ஓரமாக உட்கார்ந்தார். அதன்பிறகு அவர் அதைத் தொடவேயில்லை.

நீர்க்காகத்துக்கு அந்த எண்ணெய் மறுபடி சுரக்கவில்லை. முங்கினால் சிறகு முழுக்க நனைந்து, பறக்க முடியாமல் போனது. முங்கி எழுந்த நீர்க்காகம் கம்பத்திலோ பாறையிலோ ஏறி, இரண்டு சிறகையும் விரித்து வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நிற்பது அன்றைக்குத் தொடங்கியதுதான்.