தீவுல ரெண்டு ஓய்வுநாள்

ஒரு ஊர்ல ஒரு புருஷனும் பொஞ்சாதியும் இருந்தாங்க. கடலோர ஊரு. அவரு பேரு நெகேமியா, அந்தம்மா பேரு சிம்ஹா. ரெண்டு பேருக்கும் தலை நரைச்சுப் போச்சு, ஆனா வாய் மட்டும் நரைக்கலை. காலைல எந்திரிச்சதுல இருந்து வாக்குவாதம்தான். கண்ணை மூடிக்கிட்டே கேளு, பட்டு. ரெண்டு பேரும் யூதருங்க.

“யூதருங்கன்னா யாரு மாமா?”

அவங்களுக்குன்னு ஒரே ஒரு சாமி, ஒரு வேதம், அப்புறம் வாரத்துக்கு ஒரு ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூரியன் கடல்ல முழுகுறதுக்கு முன்னாடி வீட்டம்மா விளக்கேத்துவாங்க. முழுகினதும் ஓய்வுநாள் பொறந்துடும். மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் வானத்துல மூணு நட்சத்திரம் தெரியற வரைக்கும் இருக்கும். அதுவரைக்கும் அடுப்பு மூட்டக்கூடாது, விறகு வெட்டக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, எழுதக்கூடாது.

“எழுதவே கூடாதா? ஹோம்வொர்க்?”

கூடவே கூடாது.

“அப்போ எனக்கும் அந்த நாள் வேணும்.”

சரி, கேட்டு வாங்கித் தரேன். கேளு. ஏன் அப்படின்னா, சாமி ஆறு நாள் உலகத்தைப் படைச்சாராம், ஏழாவது நாள் “அப்பாடா”ன்னு உக்காந்தாராம். சாமியே உக்காந்த நாள்ல நாம எதுக்கு ஓடணும்னு அவங்களும் உக்காந்துடுவாங்க. பாடுவாங்க, வேதம் படிப்பாங்க, நல்லாச் சாப்பிட்டுத் தூங்குவாங்க.

“ம்.”

அப்புறம் ஒரு நாள் ரெண்டு பேரும் மக வீட்டுக்குப் போறதுக்குப் படகு ஏறினாங்க. பாதிக் கடல்ல வந்துச்சு பாரு காத்து, ஊஊஊன்னு! படகு இந்தப் பக்கம் தடால், அந்தப் பக்கம் தடால். பலகை பலகையாப் பிரிஞ்சு போச்சு. ரெண்டு பேரும் ஒரே பலகையைப் பிடிச்சுக்கிட்டு மிதந்து மிதந்து, ஆளே இல்லாத ஒரு தீவுல போய் ஒதுங்கினாங்க. ஒதுங்கினதும் காய்ச்சல். கண்ணைத் தொறந்தா வெயில், மறுபடி தொறந்தா இருட்டு, எத்தனை நாள் அப்படிக் கெடந்தாங்கன்னு அவங்களுக்கே தெரியாது.

ஒரு நாள் காலைல காய்ச்சல் விட்டு ரெண்டு பேரும் எந்திரிச்சு உக்காந்தாங்க. உக்காந்ததும் நெகேமியா கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுமா?

“பசிக்குதா?”

இல்ல.

“இது எந்த ஊரு?”

அதுவும் இல்ல. “சிம்ஹா, இன்னிக்கு என்ன கிழமை?”

அந்தம்மா விரலை மடக்கிப் பார்த்தாங்க, விரிச்சுப் பார்த்தாங்க. “தெரியலைங்க.” ரெண்டு பேருக்கும் பக்குன்னு ஆயிடுச்சு. வீடு போச்சு, படகு போச்சு, அதெல்லாம் பரவாயில்ல. கிழமை போச்சே! எந்த நாள் ஓய்வுநாள்னு எப்படித் தெரியும்?

நெகேமியா படிச்சவரு. இருபது வருஷம் ஒரு குருகிட்ட வேதம் கேட்டவரு. தாடியை நீவிக்கிட்டுச் சொன்னாரு: “கவலைப்படாத. கிழமை தொலைஞ்சவன் என்ன செய்யணும்னு எங்க குரு சொல்லியிருக்காரு. நாளையில இருந்து ஆறு நாள் எண்ணணும். ஏழாவது நாளை ஓய்வுநாளா வச்சுக்கணும். சாமி அப்படித்தானே செஞ்சாரு?”

சிம்ஹா மட்டும் லேசுப்பட்டவங்களா? அவங்க அப்பா பசங்களுக்கு வேதம் சொல்லிக் குடுக்கும்போது, பக்கத்து ரூம்ல மாவாட்டிக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணினவங்க. “எங்கப்பா அப்படிச் சொல்லலை. சாமி மனுஷனைப் படைச்சதே ஆறாவது நாள் கடைசில. அந்த மனுஷன் கண்ட மொத முழு நாளே ஓய்வுநாள்தான். அதனால கிழமை தொலைஞ்சவன் மொதல்ல ஓய்வுநாளைக் கொண்டாடணும், அப்புறம் ஆறு நாள் எண்ணணும். இன்னிக்கு சாயங்காலமே நான் விளக்கேத்தப் போறேன்.”

“நாம என்ன சாமியா, மனுஷனான்னு கேக்குறியா?”

“உங்களைப் பார்த்தா எப்படிங்க தெரியுது?”

அவருக்குச் சிரிப்பு வந்துடுச்சு, ஆனா விட்டுக் குடுக்கலை. அந்தம்மாவும் விடலை. குரு சொல்லைத் தட்டறதா, அப்பா சொல்லைத் தட்டறதா? அதனால அந்தத் தீவுல வாரத்துக்கு ரெண்டு ஓய்வுநாள் ஆயிடுச்சு. மொத தடவை மட்டும் அந்தம்மா முந்திக்கிட்டாங்க, அப்புறம் வாராவாரம் ஒரு நாள் அவருக்கு, அதுக்கு அடுத்த நாள் அந்தம்மாவுக்கு.

“ரெண்டு நாள் லீவா?”

எங்க? ஒருத்தர் உக்காந்தா இன்னொருத்தர் உழைக்கணுமே. அன்னிக்கு சாயங்காலம் சிம்ஹா கொட்டாங்கச்சில கொப்பரையை எரிச்சு விளக்கு ஏத்திட்டு, மறுநாள் பூரா மகாராணி மாதிரி மரத்தடில உக்காந்துக்கிட்டாங்க. பாவம் நெகேமியா, குடிசை போடணும், தண்ணி தேடணும், மீன் பிடிக்கணும். தீவு பூரா நண்டுதான், கரகரன்னு ஓடுது. ஆனா அவங்க நண்டு சாப்பிடக்கூடாது. செதிளும் துடுப்பும் இருக்கற மீன்தான் சாப்பிடலாம். அது எங்க கையில சிக்குது? சளக்! வழுக்கிட்டு ஓடிடும்.

அவரு கட்டின ஓலை பொத்துன்னு அவரு தலைலயே விழுந்துச்சு. சிம்ஹா அங்க இருந்தே, “அந்தப் பக்க முடிச்சை…”ன்னு ஆரம்பிச்சாங்க. அவரு, “ஓய்வுநாள்ல வேலை சொல்லிக் குடுக்கறதும் வேலைதான். பேசாம இரு”ன்னாரு. மறுபடியும் பொத்து.

“ஹி ஹி… ம்.”

அப்புறம், ஆறு நாள் கழிச்சு அவரு முறை வந்துச்சு. சூரியன் முழுகினதும் நெகேமியா குளிச்சு, கிழிஞ்ச சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு, கையில திராட்சை ரசத்துக்குப் பதிலா ஒரு இளநீரை ஏந்திக்கிட்டு, ஓய்வுநாளை வரவேற்கற ஜெபத்தைச் சொன்னாரு. சொல்லி முடிச்சாரு. முடிச்சுட்டு நின்னாரு.

நின்னுக்கிட்டே இருந்தாரு.

சிம்ஹா மீன் செதிளைச் சுரண்டிக்கிட்டு இருந்தாங்க. சர்க், சர்க்.

“சிம்ஹா, ஆமேன் சொல்லலையா?”

“இல்லாத நாளுக்கு எப்படிங்க ஆமேன் சொல்றது? ‘ஆமா, அப்படியே’ன்னு சாட்சி சொல்ற வார்த்தையாச்சே அது. என் கணக்குல இன்னிக்குச் சாதாரண நாள். பொய் சாட்சி சொல்லச் சொல்றீங்களா?”

“ஆமேன்னா சர்ச்சுல சொல்வாங்களே, அதா மாமா?”

அதேதான். ஒருத்தர் ஜெபம் சொன்னா இன்னொருத்தர் ஆமேன் சொல்லணும். நீ ‘ம்’ போடலைன்னா எனக்குக் கதை வருமா? அந்த மாதிரி. நாற்பது வருஷமா அவரு ஜெபத்துக்கு அந்தம்மா ஆமேன் சொல்லாத வாரமே இல்ல. அன்னிக்கு அலை மட்டும் ஷ்ஷ்ஷ்னு வந்துட்டுப் போச்சு. அவரு இளநீரைக் குடிச்சுட்டுத் தனியாப் போய் உக்காந்தாரு. மறுநாள் சாயங்காலம் சிம்ஹா ஜெபம் சொன்னப்போ அவராலயும் ஆமேன் சொல்ல முடியல. 

“ரெண்டு பேரும் பாவம்.”

ஆமா. ஆனா ஒண்ணு இருந்துச்சு. சூரியன் முழுகினதும் அந்தம்மாவோட ஓய்வுநாள் ஆரம்பிச்சுடும்ல? அவரோடது மூணு நட்சத்திரம் வந்தாத்தானே முடியும்? அதனால நடுவுல ஒரு துளி நேரம், ஒரு உலை கொதிக்கிற நேரம்தான், ரெண்டு பேருக்குமே ஓய்வுநாள். அந்தம்மா வரவேற்கறாங்க, அவரு வழியனுப்பறாரு. அதனால ஜெபம் ஒண்ணு சேராது, ஆனா பாட்டு சேரும். அந்த நேரத்துல ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து மெதுவாப் பாடுவாங்க. ஒரு நட்சத்திரம் வரும். ரெண்டாவது வரும்.

“மூணாவது வந்துருச்சாங்க?”

“தெரியலையே சிம்ஹா. எனக்கு இப்பெல்லாம் பார்வை சரியில்ல”ம்பாரு, அந்த மூணாவது நட்சத்திரத்தையே பார்த்துக்கிட்டு.

“பொய்!”

பொய்தான். தூங்கு… இல்ல, கேளு. அந்தத் தீவுப் பக்கமா வாரத்துக்கு ஒரு கப்பல் போகும். காத்தைப் பொறுத்து ஒரு நாள் முன்னப்பின்ன போகும். மொத ரெண்டு வாரம் கப்பல் போனதைப் பார்த்துட்டு, மேட்டு மேல காஞ்ச மட்டையெல்லாம் குவிச்சு வச்சிருந்தாங்க, கப்பல் வந்தா கொளுத்திக் காட்டலாம்னு.

மூணாவது வாரம் கப்பல் வந்துச்சு. வந்தது அவரோட ஓய்வுநாள் அன்னிக்கு, நடுமத்தியானம். அவரு நெருப்பைத் தொட மாட்டாரு. சிம்ஹா தனியா ஓடி ஓடி, ஊதி ஊதிப் பத்த வச்சாங்க. ஆனா காஞ்ச மட்டைல புகையும் இல்ல, அந்த வெயில்ல நெருப்பு யாரு கண்ணுக்குத் தெரியும்? கப்பல் போயிடுச்சு.

நாலாவது வாரம் காத்து இல்ல, கப்பல் ஒரு நாள் லேட்டு. அன்னிக்கு அந்தம்மாவோட ஓய்வுநாள். நெகேமியா தனியா ஓடினாரு. மட்டையெல்லாம் மழையில நனைஞ்சு கெடக்கு. மெலிசாப் புகைஞ்சு அணைஞ்சு போச்சு, நெருப்பே வரலை. கப்பல் போயிடுச்சு.

அப்போ அவருக்குக் கோவம் வந்துச்சு. “நீ ஒரு கை குடுத்திருந்தா கப்பல் நின்னுருக்கும். உன் எண்ணிக்கைல கெட்டோம்!”

“போன வாரம் யாரு எண்ணிக்கைல கெட்டோம், பண்டிதரே?”

அவ்வளவுதான். பேச்சு நின்னு போச்சு. அவரு அந்தக் கரை, அந்தம்மா இந்தக் கரை. வாக்குவாதம் பண்ணாக்கூடப் பரவாயில்ல பட்டு, அதுவும் இல்ல. அந்த நேரம் பார்த்து சிம்ஹா கால்ல சிப்பி குத்தி ஆழமாக் கிழிச்சிருச்சு. பேசாதவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு துணியைச் சுத்திக்கிட்டு, சேலையை இழுத்து மூடிக்கிட்டாங்க.

“ஐயோ. சொல்லியிருக்கலாம்ல?”

சொல்லியிருக்கலாம். நீ கூட முட்டி பேந்தப்போ ரெண்டு நாள் சொல்லலையே? சரி, கேளு.

அஞ்சாவது வாரம். அவரோட ஓய்வுநாள் முடியப் போகுது. சிம்ஹா விளக்கை ஏத்தினாங்க, சூரியன் முழுகுச்சு. இப்போ அந்தத் துளி நேரம், பேசாட்டியும் அவரு பக்கத்துல வந்து உக்காந்திருந்தாரு. அப்போ, தூரத்துல, வெள்ளையா ஒரு பாய்! கப்பல்! “ஏங்க!”ன்னு எந்திரிச்சாங்க, எந்திரிச்ச வேகத்துல பொத்துன்னு விழுந்தாங்க. துணி அவுந்து போச்சு. நெகேமியா பார்க்கறாரு. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, முட்டி வரைக்கும் செவப்பா ஒரு கோடு ஏறியிருக்கு. தொட்டுப் பார்த்தா அனலாக் கொதிக்குது.

 அந்தம்மா ஏத்தி வச்ச ஓய்வுநாள் விளக்கையே கையில எடுத்தாரு.

“ஏங்க, அதைத் தொடாதீங்க! உங்களுக்கு இன்னும் மூணு நட்சத்திரம் வரலை. கொஞ்சம் பொறுங்க, வந்துரும்.”

“கப்பல் பொறுக்காது.”

“எனக்காகவா நீங்க ஓய்வுநாளை உடைக்கணும்? பிடிவாதம் பிடிச்சவ நானுல்ல?”

“உசுருன்னு வந்துட்டா உடைக்கலாம்னு இல்ல, உடைச்சே ஆகணும்னு இருக்கு. எங்க குரு சொன்னாரு. உங்கப்பா என்ன சொன்னாரு?”

சிம்ஹாவுக்கு அழுகை வந்துடுச்சு. “அப்பாவும் அதையேதான் சொன்னாரு.”

“அப்போ கிட!”ன்னுட்டு ஓடினாரு. அறுபத்தஞ்சு வயசு மனுஷன், மேட்டுல தடதடதடன்னு! விளக்கை மட்டையில வச்சாரு. படபட, சடசட, பொசுக்குன்னு பத்தி, பனைமரம் உசரத்துக்கு எரிஞ்சுது நெருப்பு. இருட்டுற நேரமில்ல? நல்லாத் தெரிஞ்சுது. கப்பல் திரும்பிச்சு. மூணாவது நட்சத்திரம் எப்ப வந்துச்சுன்னு ரெண்டு பேருமே பார்க்கலை.

“ம்… அப்புறம்?”

அப்புறம் கப்பல்ல இருந்து ஒரு சின்னப் படகு வந்துச்சு. கப்பல்காரரு ஒரு மரக்காயரு, நல்ல மனுஷன். அவரு மணல்ல கால் வைக்கறதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரே குரல்ல கேட்டாங்க, “இன்னிக்கு என்ன கிழமை?”

மரக்காயருக்கு ஒண்ணும் புரியல. “தண்ணி கேப்பாங்க, சோறு கேப்பாங்க. கிழமை கேக்கறவங்களை இப்பத்தான் பாக்குறேன். திங்கட்கிழமை, பெரியவரே.”

திங்கட்கிழமை! அவரோட ஓய்வுநாள் அத்தனையும் திங்கள், அந்தம்மாவோடது அத்தனையும் செவ்வாய்.

“ரெண்டு பேருமே ஃபெயில்!”

ரெண்டு பேருமே ஃபெயில். நெகேமியா மணல்ல உக்காந்துட்டாரு. “அஞ்சு சனிக்கிழமை, சிம்ஹா. அஞ்சு நிஜ ஓய்வுநாள். ஒரு சனிக்கிழமை மரத்தை வெட்டிருக்கேன், ஒரு சனிக்கிழமை மீன் சுட்டிருக்கேன்.” சொல்லிச் சொல்லி அழுதாரு.

அந்தம்மா காய்ச்சல்லயும் அவரு தலைல கை வச்சாங்க. “நாம சனிக்கிழமையைத் தொலைச்சது நெஜம்தாங்க. ஆனா ஒரு வாரமாவது தேடாம இருந்தோமா? தேடினவங்களைச் சாமி அடிக்க மாட்டாரு. எந்திரிங்க, என்னைத் தூக்குங்க, கால் வலிக்குது.”

தூக்கினாரு. கப்பல்ல மரக்காயரு காயத்தைக் கீறி, மருந்து வச்சுக் கட்டினாரு. வீக்கம் இறங்குச்சு. ஆனா பாவம் அந்த மரக்காயரு. தினமும் காலைல நெகேமியா போய் நின்னுடுவாரு. “இன்னிக்கு என்ன கிழமை?”

“நேத்து புதன்னா இன்னிக்கு வியாழன்தானே பெரியவரே? நடுவுல வேற கிழமை எதுவும் நான் கொண்டாரல!”

“ஹி…”

அப்புறம் வெள்ளிக்கிழமை வந்துச்சு. நிஜ வெள்ளிக்கிழமை. மரக்காயரு மத்தியானம் அவரு தொழுகையை முடிச்சுட்டு வந்து, ஒரு கை உலர்ந்த திராட்சை குடுத்தாரு. சிம்ஹா அதை ஊறவச்சுப் பிழிஞ்சு, ஒரு கிண்ணத்துல ரசம் எடுத்து வச்சாங்க. காலை நீட்டி உக்காந்துக்கிட்டே விளக்கேத்தினாங்க. சூரியன் முழுகுச்சு.

நெகேமியா கிண்ணத்தைத் தூக்கி ஜெபம் சொன்னாரு. கடைசி வரிக்கு வந்தாரு. அங்க குரல் நின்னு போச்சு. இத்தனை வாரமும் அந்த வரிக்கு அப்புறம் வெறும் அலைச் சத்தம்தானே கேட்டுது. அவருக்குப் பயம். 

சிம்ஹா அவசரப்படுத்தலை. எடுத்தும் குடுக்கலை. அவரு முகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

மெதுவா, மெதுவா, அவரு கடைசி வார்த்தையைச் சொன்னாரு.

“ஆமேன்”னாங்க சிம்ஹா.

பட்டு? தூங்கிட்டியா? சரி. கதை கரை சேர்ந்தாச்சு, நீ கண்ணசரு.