சுழி வைத்த கோடு

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. வழக்கமாக இது தலைகீழாக இருக்கும். இந்தக் கதையில் இப்படித்தான்.

குருவின் பெயர் ஹெப்சிபா. பெரம்பூரில் ஒரு மாடி அறையில் இசைக் குறியீடுகளுக்கு எழுத்துரு செய்பவர். ஜாஸ் இசைக்கு எழுத்துரு செய்வதென்றால் வெறும் ஸ்வரப் புள்ளிகள் போதாது. ஒரு ஸ்வரத்தை எப்படி வெடுக்கென்று நிறுத்துவது, எப்படிக் கீழிருந்து வழுக்கி ஏறிப் பிடிப்பது, பிடித்ததை எப்படிச் சரிய விடுவது, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி வேண்டும். கார்டுகளுக்கு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளுக்கு, முக்கோணம், வட்டம், குறுக்குக் கோடு போட்ட வட்டம் என்று இன்னொரு கூட்டம்.

சீடர் ஆவுடையப்பன் முப்பத்தைந்து வருடம் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் தலைப்பு எழுத்து வரைந்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே மாடிப்படி ஏறி வந்து, "எனக்கும் கத்துக் குடுங்க டீச்சர்" என்று நின்றார். பதினோரு மாதத்தில் இருநூற்றுச் சொச்சம் குறிகளை வரைந்து முடித்திருந்தார்.

அன்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"முடிஞ்சுதா டீச்சர்?"

"எனக்கு எப்படித் தெரியும்? வாசிக்கிறவங்ககிட்டதான் கேக்கணும்."

"அவங்க வாசிக்கிற ஆளுங்க. எழுத்தைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒன்னும் தெரியாது" என்றார் ஹெப்சிபா. "ஞாயித்துக்கிழமை வாங்க."

பெரம்பூரிலேயே பதினேழு பேர் கொண்ட ஒரு ஜாஸ் குழு இருந்தது. அதை நடத்தும் ஆஸ்வால்ட், முப்பதாம் தேதிக் கச்சேரிக்கு ஆவுடையப்பனின் எழுத்துருவில் அச்சடித்த தாள்களை வைத்தே வாசிப்பதாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஒத்திகையில் தேற வேண்டும். தேறாவிட்டால் பழைய தாள்தான். ஆவுடையப்பன் இரண்டு மகள்களையும் மருமகன்களையும் கச்சேரிக்கு வரச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை ஒத்திகை தொடங்கியது. முதல் பாட்டில் எட்டாவது வரியில் நான்கு டிராம்போன் குழல்களும் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக் கீழே சரிய விட வேண்டும். வாசிப்பவர்கள் அதை ஃபால் என்பார்கள். ஸ்வரத்தின் வலப்பக்கம் கீழ்நோக்கி வளையும் ஒரு கோடுதான் அதற்குக் குறி.

நான்கு டிராம்போன்களும் சரிந்தன. சரிந்த வேகத்தில் கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கின. ஆடு கத்தியதுபோல இருந்தது.

ஆஸ்வால்ட் கையை உயர்த்தி நிறுத்தினார். "ஏன்ப்பா, நாலு பேரும் சொல்லி வச்ச மாதிரி கடைசில தூக்குறீங்க?"

"பேப்பர்ல தூக்கியிருக்கே" என்றார் முதல் டிராம்போன் வாசிக்கும் டெரன்ஸ்.

ஆஸ்வால்ட் குனிந்து பார்த்தார். தூக்கித்தான் இருந்தது. தமிழ் எழுத்து வரைந்து பழகிய கை அது. ஒரு கோட்டை மொட்டையாக நிறுத்த அதற்கு மனசு வராது. வால் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு சுழி வைத்துவிடும். ஆவுடையப்பன் எல்லா ஃபாலுக்கும் சுழி வைத்திருந்தார். தான் வரைந்ததிலேயே அழகு அதுதான் என்று நினைத்துக்கொண்டும் இருந்தார்.

பதினேழு பேரும் சிரித்தார்கள். ஆவுடையப்பனும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை பாப்போம் சார்" என்றார் ஆஸ்வால்ட். "அப்பவும் இப்படின்னா பழைய தாளை எடுத்துருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

மாடி அறைக்குத் திரும்பியதும் ஹெப்சிபா பதினேழு பேரின் தாள்களையும் மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் ஒரு ரப்பரையும் வைத்தார்.

"ஒத்திகையில அவங்க பென்சில்ல ஏதாவது கிறுக்கியிருப்பாங்க. ஒன்னு விடாம அழிங்க."

"புதுசா அச்சடிக்கத்தானே போறோம். குப்பைக்குப் போற தாளை எதுக்கு அழிக்கணும்?"

"அழிங்க சார்."

இந்த வயதில் ரப்பர் பிடிக்க விட்டாளே என்று ஆவுடையப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதல் தாளைக் கிழியும்படி தேய்த்தார். இரண்டாவதையும் அப்படியே தேய்த்தார்.

மூன்றாவது பேஸ் கிதார்க்காரரின் தாள். குறுக்குக் கோடு போட்ட வட்டம் வந்த இடத்திலெல்லாம் அவர் அந்தக் கோட்டின்மேல் பென்சிலால் அழுத்தி இன்னொரு கோடு இழுத்திருந்தார். ஆவுடையப்பன் அழித்தார். அழித்துவிட்டு, யோசித்து, தாளை ஸ்டாண்டில் வைத்து நாலடி பின்னால் போய் நின்றார். அவர் வரைந்த மெல்லிய கோடு காணாமல் போய், வெறும் வட்டம் நின்றது. அந்த வட்டம் வேறொரு கார்டின் குறி. பேஸ் கிதார்க்காரர் திருத்தியிராவிட்டால் பாட்டே இடறியிருக்கும். ஆவுடையப்பன் அதை வரைந்ததெல்லாம் கம்ப்யூட்டர் திரையில், எட்டு மடங்கு பெரிதாக்கி.

அதன்பிறகு மெதுவாக அழித்தார். சாக்ஸபோன்காரர் ஒருவர், வெடுக்கென்று நிறுத்தச் சொல்லும் கூரைக் குறியை அது வருகிற இடமெல்லாம் வட்டம் போட்டு வைத்திருந்தார். கூரையின் உள்பக்கம் மையடைத்து வெறும் கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது.

டெரன்ஸின் தாளில் ஒவ்வொரு சுழியும் ஒரே இழுப்பில் வெட்டுப்பட்டிருந்தது. பென்சில் கோட்டை அழிக்க அழிக்கக் கீழிருந்து சுழி வெளியே வந்தது. அதைப் பார்க்க ஆவுடையப்பனுக்கே வெட்கமாக இருந்தது.

பதினேழாவது தாளை முடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வாரம் முழுக்க வேறெங்கும் பார்க்கவில்லை. வட்டத்தின் குறுக்குக் கோட்டைத் தடிமனாக்கி இரண்டு பக்கமும் வெளியே நீட்டினார். கூரையின் உள்ளே காற்றுப் போகும்படி அகலப்படுத்தினார். ஃபால்களின் சுழிகளை ஒவ்வொன்றாக அறுத்தார். ஒவ்வொன்றுக்கும் வலித்தது. ஹெப்சிபா இரண்டு முறை டீ கொண்டுவந்து வைத்ததோடு சரி.

அடுத்த ஞாயிறு எட்டாவது வரி வந்தபோது ஆவுடையப்பன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான்கு டிராம்போன்களும் ஒன்றாகச் சரிந்து அடங்கின. யாரும் நிறுத்தவில்லை. பாட்டு அடுத்த வரிக்குப் போனது, அதற்கடுத்த வரிக்குப் போனது. மூன்று பாட்டும் நிற்காமல் ஓடி முடிந்தன.

ஆவுடையப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. பதினேழு பேரின் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. அவர்கள் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"முப்பதாம் தேதிக்கு இதே தாள்தான்" என்றார் ஆஸ்வால்ட்.

ஆவுடையப்பன் ஒவ்வொரு ஸ்டாண்டாகப் போய்த் தாள்களைச் சேர்த்தார். கையில் ரப்பர் தயாராக இருந்தது. பேஸ் கிதார்க்காரரின் தாள் சுத்தம். சாக்ஸபோன்காரர்களின் தாள் சுத்தம். பதினாறு தாள்களில் ஒரு பென்சில் கீறல்கூட இல்லை. அவர் நடை நிமிர்ந்துகொண்டே போனது.

கடைசியாக டெரன்ஸின் தாளை எடுத்தார். மூன்றாவது பாட்டின் கடைசி ஸ்வரத்தில், அச்சிட்ட ஃபால் முடிகிற இடத்திலிருந்து ஒரு பென்சில் கோடு தொடங்கி, சரிந்து சரிந்து தாளின் அடி விளிம்புவரை போயிருந்தது.

ஆவுடையப்பனின் முகம் சுண்டிப்போனது.

"இந்த இடம் புரியலையா டெரன்ஸ்?"

டெரன்ஸ் டிராம்போனைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "நல்லாப் புரிஞ்சுது சார். குட்டை ஃபால். ஆனா வாசிக்கும்போது அங்க நிறுத்த மனசே வரலை. ஆஸ்வால்டும் சரின்னுட்டார்."

டெரன்ஸ் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிப் போனார். ஆவுடையப்பன் தாளை ஹெப்சிபாவிடம் கொண்டுவந்து காட்டினார்.

"ஒரே ஒரு இடத்துல தப்பாப்போச்சு டீச்சர். இதை அழிச்சுட்டு, குறியை இன்னும் கொஞ்சம் நீளமா வரைஞ்சுடறேன்."

ஹெப்சிபா பென்சில் கோட்டை அடி விளிம்புவரை பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. ஆவுடையப்பன் கையிலிருந்த ரப்பரை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"போன வாரம் இவங்க உங்க எழுத்தோட மல்லுக்கட்டினாங்க சார். இன்னைக்கு டெரன்ஸ் பாட்டோட மல்லுக்கட்டியிருக்கார். அதுல நமக்கு என்ன வேலை? நம்ம வேலை முடிஞ்சுது."