மாதிரிக்கு வந்த கிங்பின்

ஒரு பழைய காரில் ஒரு கிங்பின் இருந்தது. முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புவது இந்த உருக்குத் துண்டைப் பிடித்துக்கொண்டுதான். பல வருட ஓட்டத்தில் அதன் இரு முனைகளும் தேய்ந்து, சக்கரம் ஆட ஆரம்பித்தது. காரின் சொந்தக்காரர் தேவசகாயம் அதைக் கழற்றி, மாதிரிக்கு என்று பையில் போட்டுக்கொண்டு உதிரிபாகக் கடைகளில் ஏறி இறங்கினார்.

ஒவ்வொரு கடையிலும் அதை மேசைமேல் வைப்பார்கள். பக்கத்தில் புதிது ஒன்றை வைப்பார்கள். "ஒத்து வரலையே" என்பார்கள். மறுபடியும் பைக்குள் போகும்.

கடைசியாகக் கபூர் பாய் கடை. இங்கும் கிடைக்காவிட்டால் காரை உடைக்கக் கொடுத்துவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார் தேவசகாயம்.

கபூர் பாய் ஒரு தூசிப் பெட்டியிலிருந்து புதிய கிங்பின்னை எடுத்து வைத்தார்.

"இதுவும் தடிமனா இருக்கே பாய்."

"நீளம் சரியா இருக்கு சார். லேத்துல குடுத்து உங்க சாம்பிள் அளவுக்குக் கடைஞ்சிடலாம்."

"செய்யுங்க. இனிமே என்னால அலைய முடியாது, இல்லேன்னா காரை உடைக்கத்தான் குடுக்கணும்."

புதியது பதறியது. "அண்ணே, என்னைச் சுரண்டினால் சக்கரம் அன்றைக்கே ஆடும். ஏதாவது செய்யுங்களேன்."

"நான் என்ன செய்ய? மாதிரி நான்தான். என்னைப் பார்த்துத்தான் எல்லோரையும் அளக்கிறார்கள்" என்றது பழையது. அத்தனை அலைச்சலிலும் அந்தப் பெருமை மட்டும் தேயவில்லை.

"உங்கள் முனையைத்தானே அளக்கிறார்கள்? நடுவில் கிரீஸ் அப்பியிருக்கிறதே, அங்கே எவ்வளவு?"

பழையதற்கு அது தெரியும். நடுப்பகுதி அச்சுக்குள் இறுகியிருந்த இடம். அங்கே தேய்மானமே கிடையாது. அதைக் காட்டினால் முனைகள் எவ்வளவு தேய்ந்தன என்பது தெரிந்துவிடும். "பிறகு என்னை யார் பையில் சுமப்பார்கள்?" என்றது.

"காரை உடைக்கக் கொடுத்துவிட்டால் மட்டும் உங்களைச் சுமப்பார்களாக்கும்" என்றது புதியது.

லேத்துக்கு அளவு சொல்வதற்காகக் கபூர் பாய் காலிப்பரை விரித்துக் குனிந்தார். பழையது மெல்ல நகர்ந்து கொடுத்தது. காலிப்பர் அதன் நடுவைக் கவ்வியது.

அவர் புருவத்தைச் சுருக்கினார். கிரீஸைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். புதியதையும் அளந்தார்.

"சார், ரெண்டும் ஒண்ணுதான். நாம தேய்ஞ்ச இடத்தை அளந்திருக்கோம்."

"அப்ப மத்த கடைங்கள்ல காட்டினது?"

"அதுவும் சரியாத்தான் இருந்திருக்கும்."

தேவசகாயத்துக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. புதியதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பழையதைக் கபூர் பாய் கழிவு இரும்பு டப்பாவில் போட்டார்.

டப்பாவுக்குள் கிடந்த வளைந்த போல்ட் ஒன்று கேட்டது: "இத்தனை கடை ஏறி அவர் எதைத் தேடினார்?"

"இப்போது இருக்கிற என்னை" என்றது பழையது. "காருக்கு வேண்டியிருந்தது, முதல் நாள் வந்த என்னை."