மங்கல எழுத்தும் கீழ்மடை ஏரியும்

கதை கேட்க வந்தவர்களே, காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். தூக்கம் வருகிறவர்கள் தூங்கலாம். குறட்டை மட்டும் கூடாது.

மலைகளுக்குக் கால் இருந்து, அவை இடம் மாறி மாறி உட்கார்ந்துகொண்டிருந்த காலத்தில், மஞ்சாடி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் சுகவளவன் என்ற அரசன். கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. வரியை ஏற்றமாட்டான், சண்டைக்குப் போகமாட்டான், யார்மீதும் கையோங்கமாட்டான். ஆனால் கெட்ட சேதி காதில் விழுந்தால் போதும், அவனுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் இலையில் பாயசம் விழுந்த நேரம் பார்த்து எல்லையிலிருந்து ஓர் ஓலை வந்தது. தெற்கே மழை இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அரசன் இலையை மூடிவிட்டு எழுந்துபோனான். பசியோடு யோசித்தவன் ஒரு முடிவுக்கு வந்தான். ‘இல்லை’ என்று எழுத எழுத்து இருப்பதால்தானே எழுதுகிறார்கள்? அந்த எழுத்தை எடுத்துவிட்டால் இல்லாமை எந்த வழியாக உள்ளே வரும்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். அரசவையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆகா என்றார்கள்.

அவைப் புலவர் வெண்ணாவலார் மட்டும் ஆகாவோடு நிற்கவில்லை. புது எழுத்தையே உண்டாக்கித் தருகிறேன் என்று கிளம்பிவிட்டார். தாடியை வருடிக்கொண்டே உட்கார்ந்து ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படம் வரைந்தார். விளைச்சலுக்கு ஒரு கதிர். அரசனுக்கு முடிசூடிய சூரியன். மகிழ்ச்சிக்கு மட்டும் காலை மகிழ்ச்சி, மாலை மகிழ்ச்சி, அரசரைக் கண்ட மகிழ்ச்சி என்று தனித்தனியாக மூன்று. துன்பத்துக்கு எழுத்து கிடையாது. இல்லை என்பதற்குக் கிடையாது. ஏன் என்று கேட்பதற்கும் கிடையாது. இதற்கு மங்கல எழுத்து என்று பெயர் வைத்தார். அரசன் பொன்னாடை போர்த்தினான்.

பழைய எழுத்து ஓலைகளையெல்லாம் அடுப்பில் போட்டார்கள். இனி எந்தச் சேதியானாலும் மங்கல எழுத்தில்தான் அரசனுக்கு வர வேண்டும், வாயால் சொல்லக்கூடாது என்று பறையறைந்தார்கள்.

மக்கள் என்ன செய்வார்கள்? இருக்கிற எழுத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். பஞ்சம் வந்த ஊர், ‘வெயில் சிரிக்கிறது’ என்று எழுதியது. களவு போன வீடு, ‘நகைகள் பயணம் போயின’ என்று எழுதியது. செத்துப்போன கிழவரை, ‘நன்றாக ஓய்வெடுக்கிறார்’ என்று எழுதினார்கள். சிறைச்சாலைக்கும் எழுத்து இல்லாததால் அது ‘அரச விருந்து’ ஆனது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்ன ஒரு வைத்தியர் அந்த விருந்துக்குப் போனார். அதைப் பார்த்த மற்றவர்களுக்குப் பசியே எடுக்கவில்லை.

நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? பானையில் அரிசி தீர்ந்துபோனால், ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்றுதானே சொல்கிறோம்? சொல்லலாம், தப்பில்லை. கேட்டவர் உடனே பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறாரே. மஞ்சாடி நாட்டரசன் அதைக் கேட்டுவிட்டு, நிறைந்திருக்கிறதாம் என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

இந்த நாட்டில் கீழ்மடை என்று ஒரு சிற்றூர். ஊருக்கு மேலே பேரேரி, ஏரிக்குக் கீழே ஊர். வெண்ணாவலாரின் ஒரே மகள் கொன்றையை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார். கைக்குழந்தைக்காரி. மங்கல எழுத்து தெரிந்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

அந்த ஆண்டு மழை கொட்டித் தீர்த்தது. ஏரி தளும்பியது. மதகைத் திறந்து தண்ணீரை வெளியே விட வேண்டும். ஆனால் அரசமுத்திரை இல்லாமல் மதகில் கை வைக்கக்கூடாது என்பது சட்டம், அங்கே காவலும் இருந்தது. ஊரார் கொன்றையிடம் ஓடினார்கள். அவள் ஓலை எழுதினாள்: ‘ஏரி நிறைந்தது. மதகு திறக்க.’

அதை அரசனுக்குப் படித்துக் காட்டியவர் வெண்ணாவலார். என் மகள் கையெழுத்து எவ்வளவு அழகு பாருங்கள் என்று பூரித்துப்போனார். அரசனும் பூரித்தான். நிறைந்தது நல்ல விஷயம், நிறைந்ததை எதற்காகக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, ஏரிக்கு ஒரு ரோஜாமாலை அனுப்பிவைத்தான்.

மழை நிற்கவில்லை. கரையில் கீறல் விழுந்தது. கீறலுக்கு எழுத்து இல்லையே. கொன்றை அழுதுகொண்டே எழுதினாள்: ‘கரை பூவாக விரிகிறது. மதகு திறக்க.’

இந்த முறை படிக்கும்போது வெண்ணாவலாருக்குச் சோற்றில் கல் கடித்தது போல ஏதோ ஒன்று நெருடியது. கரை எதற்காக விரிய வேண்டும்? நிமிர்ந்து அரசன் முகத்தைப் பார்த்தார். அது மலர்ந்திருந்தது. அதைக் கெடுப்பானேன் என்று கல்லை விழுங்கிவிட்டார். பெற்ற மகளைவிடப் பொன்னாடை பெரிதாகிவிட்டது அவருக்கு. எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் அந்த மனிதர் மேல் கோபம் வருகிறது. அரசன் மலர்ந்த கரைக்கு நாதசுரக்காரர்களை அனுப்பினான்.

மூன்றாவது ஓலை வந்தது. ‘ஊர் முழுவதும் மலைமேல் ஏறி ஆடத் துடிக்கிறது’ என்று இருந்தது. ஊர் மலைமேல் ஓடிவிடப் பார்க்கிறது என்பதைத்தான் அவள் அப்படி எழுதியிருந்தாள். அரசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவ்வளவு சந்தோஷமான ஊரை நேரில் பார்க்காமல் இருப்பதா? ஊரார் மலைக்குப் போக வேண்டாம், ஏரிக்கரை அடியிலேயே வரிசையாக நின்று வாழ்த்தட்டும், நான் பட்டத்து யானை மேல் கரைவழியே வருகிறேன் என்று ஆணை போட்டான்.

அப்படியே நடந்தது. கரைமேல் யானை, முரசு, குடை, கொடி, அமைச்சர் கூட்டம். கரையின் அடியில் கீழ்மடைக்காரர்கள் அத்தனை பேரும், மலைப்பாதையை அடைத்துக்கொண்டு நிற்கும் வேல்காரர்களுக்குப் பயந்து, ‘அரசரைக் கண்ட மகிழ்ச்சி’ என்று எழுதிய பலகைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

யானைமேல் அரசனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வெண்ணாவலார் கீழே பார்த்தார். கூட்டத்தில் கொன்றை நின்றாள். இடுப்பில் குழந்தை. அவள் காலடியில் கரையிலிருந்து சேறும் தண்ணீரும் கசிந்து கணுக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவள் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று ஓலையின் அர்த்தமும் அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

அவசரமாக ஓலையை எடுத்தார். ‘கரை’ என்று எழுதினார். மேலே எழுத என்ன இருக்கிறது? பூ இருக்கிறது. சிரிப்பு இருக்கிறது. காலை மகிழ்ச்சி, மாலை மகிழ்ச்சி இருக்கிறது. ஆபத்துக்கு ஒரு கோடுகூட அவர் போட்டுவைக்கவில்லை. ஓலையைக் கிழித்தெறிந்தார். எழுத்தாணியையும் எறிந்தார்.

“மகாராஜா, கரை உடையப் போகுது. மதகைத் திறக்கச் சொல்லுங்க. கீழே என் பொண்ணு நிக்கிறா.”

முரசு நின்றது. அரசன் திரும்பிப் பார்த்தான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை, ஒன்றும் புரியவில்லை. அப்படிப்பட்ட வார்த்தையைக் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

“என்னவோ சொல்றீரே புலவரே,” என்றான். “எழுதிக் காட்டும், படிச்சுப் பார்க்கிறேன்.”

அந்த ஊர்வலத்தில் மங்கல எழுத்துப் படிக்காத ஜீவன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பட்டத்து யானை. காலுக்கடியில் மண் குழைவது அதற்குத் தெரிந்துவிட்டது. பாகன் அங்குசத்தால் குத்தக் குத்த, அது பிளிறிக்கொண்டு வந்த வழியே திரும்பியது. திரும்பிய வேகத்தில் அரசன் ஏரிப்பக்கக் கரையோரச் சேற்றிலும் புலவர் ஊர்ப்பக்கச் சரிவிலும் போய் விழுந்தார்கள். யானை மிரண்டதைக் கண்டு மதகுக் காவலர்கள் ஓட்டம் பிடித்தார்கள்.

வெண்ணாவலார் எழுந்து மதகை நோக்கி ஓடினார். முத்திரையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், திறங்கள், பழி என் தலையோடு போகட்டும் என்று கத்தினார். ஊரார் பலகைகளை வீசிவிட்டு ஓடிவந்தார்கள். அத்தனை பேரும் சேர்ந்து மதகைத் தூக்க, தண்ணீர் வாய்க்காலில் சீறிக்கொண்டு பாய்ந்தது. விளைந்த வயலெல்லாம் வெள்ளத்தில் போயிற்று, வீடுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. கரை ஓரிடத்தில் சரிந்து, பிறகு நின்றது. ஊர் பிழைத்தது.

அங்கே சேற்றில் அரசன் இடுப்புவரை புதைந்துவிட்டான். கையை ஆட்டினான். அரசர் விழுந்தார் என்று சொல்ல யாருக்குத் தைரியம்? அவை எழுத்தர் அவசரமாக எழுதினார்: ‘அரசர் மண்ணை அணைத்து மகிழ்கிறார்.’ அதைத் தூக்கிக் காட்டியதும் எல்லாரும் கைதட்டினார்கள். அரசன் மார்புவரை போனான். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

“விழுந்துட்டேன்,” என்று அரசன் அலறினான். “உள்ளே போய்க்கிட்டிருக்கேன். யாராவது தூக்குங்க.”

அமைச்சர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் கரையோரம் மண்டியிட்டு, மிகப் பணிவாக ஓர் ஓலையையும் எழுத்தாணியையும் நீட்டினார்.

“எழுதிக் கொடுங்க மகாராஜா, படிச்சதும் தூக்கிடறோம்.”

கழுத்துவரை சேற்றில் நின்ற அரசன் அந்த ஓலையைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்குத் தன் நாடு எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. கடைசியில் கீழ்மடைக்காரர்கள்தான் வண்டிக்கயிற்றை வீசி அவனை இழுத்துப் போட்டார்கள். வாயில் சேறு வடிய வடிய, பழைய எழுத்தையே எல்லாரும் எழுதலாம், வாயாலும் பேசலாம், விருந்துக்குப் போனவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று அங்கேயே ஆணையிட்டான்.

வெண்ணாவலார் மகளைத் தேடிப் போனார். குழந்தையை வாங்கக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“நீங்க உண்டாக்கின எழுத்துலதாம்ப்பா மூணு தடவை எழுதினேன்,” என்றாள்.

வெண்ணாவலார் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். மகள் காலடிச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார். அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, வெள்ளத்தில் மிதந்து போகிற தன் வீட்டுப் பாத்திரங்களைப் பொறுக்கப் போனாள்.

ஆகையால் கேட்டவர்களே, கெட்ட சேதியைச் சொல்லும் வழியை அடைத்தால் சேதிதான் வராமல் நிற்குமே தவிர, கெட்டது வராமல் நிற்காது.