நாச்சியம்மையின் புதுத் திரைகள்

மூங்கிலாற்றங்கரைக் காட்டில் நாச்சியம்மை என்றொரு கரடி தேன் வியாபாரம் செய்துவந்தாள். தேன் எடுப்பதில் கெட்டிக்காரி. முன்கோபம்தான் கொஞ்சம் அதிகம்.

யாருக்கு எவ்வளவு தேன் வேண்டும் என்பதை மைனாக்கள் பறந்துபோய்க் கேட்டுவந்து சொல்லும். காட்டுப்பன்றிகள் சுரைக்குடுக்கைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரும். மைனாக்களுக்குத் தலைவி கிண்கிணி. வாய் ஓயாதவள். மான் வீட்டுக்கு ஒரு குடுக்கை என்று சொல்வதற்குள், அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதையும் சொல்லி முடித்திருப்பாள்.

ஒருமுறை நாச்சியம்மை ஒரு கல்யாணத்துக்காக மலைக்கு அந்தப் பக்கம் போனாள். அந்தக் காட்டில் மரத்துக்கு மரம் தொடுதிரை தொங்கியது. வேண்டியதைத் தொட்டால் போதும், பொருள் வந்துவிடுகிறது. சத்தமும் இல்லை, வம்பும் இல்லை. நாச்சியம்மைக்கு வயிறு எரிந்தது. கல்யாணச் சாப்பாடுகூட இறங்கவில்லை.

திரும்பி வரும்போது குணசீலன் என்ற நரியைக் கையோடு கூட்டிவந்தாள். பல காடுகளை மாற்றிக் காட்டியவன் என்று அவனே சொன்னான். அந்தக் காடுகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை.

குணசீலன் எல்லோரையும் மருதமரத்தடியில் உட்காரவைத்தான். வாலால் மணலில் ஒரு வட்டம் போட்டு, இதுதான் இன்றைய நாம் என்றான். பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டு, இதுதான் நாளைய நாம் என்றான். பன்றிகள் உற்றுப் பார்த்தன. இரண்டு வட்டங்கள்தான் தெரிந்தன.

திட்டம் இதுதான். வெயிலில் சார்ஜ் ஏறும் திரைகள் எல்லா மரத்திலும் தொங்கும். வேண்டியவர்கள் தொடுவார்கள். கிடங்கில் இருக்கும் பெரிய திரை 'டிங்' என்று ஒலித்து, யாருக்கு எத்தனை குடுக்கை என்று படம் காட்டும். பன்றிகள் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். திறப்பு விழாவில் மயில் ஆடுவதற்குக்கூடத் திட்டத்தில் இடம் இருந்தது. குளம்பால் திரையைத் தொட முடியாதே என்று மூத்த பன்றி கோரைப்பல்லன் கவலைப்பட்டான். நீங்கள் தொடவே வேண்டாம், பார்த்தால் போதும் என்று நரி சமாதானம் சொன்னான்.

கிண்கிணி ஒரு கேள்வி கேட்டாள். "நாங்க என்ன செய்யணும்?"

குணசீலன் புன்னகைத்தான். "அது இரண்டாம் கட்டம்."

அதைப்பற்றி நாச்சியம்மையும் யோசித்ததில்லை. உண்மையைச் சொன்னால், யோசிக்க ஆரம்பித்ததும் சங்கடமாக இருந்தது, விட்டுவிட்டாள். இப்போது சமாளிப்பதற்காக, யாருக்கும் வேலை போகாது என்று சத்தமாகச் சொல்லிவைத்தாள். கிண்கிணி பதில் பேசவில்லை. ஒரு மைனா வாயை மூடினால் பயப்பட வேண்டும். நாச்சியம்மையோ, காது நிம்மதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

மயில் ஆடியது, திரைகள் தொங்கின. முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு வினோதமாக ஒன்று நடக்க ஆரம்பித்தது. 'டிங்' என்று கேட்கும். பன்றிகள் சேற்றிலிருந்து எழுந்து ஓடிவரும். திரையில் ஒன்றும் இருக்காது. திரும்பிப்போய்ப் படுத்தால் மறுபடியும் 'டிங்'. ஓடி ஓடிப் பன்றிகள் இளைத்துப்போயின.

குணசீலன் முதலில் வெயிலைக் குறை சொன்னான். அப்புறம் ஈரத்தை. கடைசியில், திரையில் கோளாறு இல்லை, பன்றிகளின் மனசுதான் இன்னும் மாறவில்லை என்று கண்டுபிடித்தான். மனசை மாற்ற ஒரு முகாம் நடத்தினான். பன்றிகள் கண்ணை மூடிக்கொண்டு தங்களைப் பட்டாம்பூச்சியாக நினைத்துக்கொள்ள வேண்டும். நினைக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் குறட்டை விட்டன. அப்போதும் 'டிங்' கேட்டது. ஒருவரும் எழவில்லை.

அதற்குப்பிறகு எத்தனை 'டிங்' கேட்டாலும் பன்றிகள் தலையைக்கூடத் திருப்பவில்லை. நாச்சியம்மை கத்திப் பார்த்தாள். திரை பொய் சொல்கிறது, சேறு எங்களை ஒருநாளும் வீணாகக் கூப்பிட்டதில்லை என்று கோரைப்பல்லன் சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான்.

மேகம் மூட்டம் போட்டிருந்த ஒரு நாள், கிளைகள் முறிகிற சத்தத்தோடு யானைக்கூட்டத்தின் தலைவி வேழவல்லி வந்து நின்றாள். அவள் குட்டிக்கு வாயெல்லாம் புண். தடவுவதற்குத் தேன் வேண்டும்.

"காலையிலேருந்து தும்பிக்கை நோகத் தொட்டுக்கிட்டு இருக்கேன். குட்டி பால் குடிக்கல, துவண்டு கெடக்கு. ஒங் கடையில ஆள் இருக்கா, இல்ல படம் மட்டும்தான் இருக்கா?"

நாச்சியம்மைக்கு முகம் செத்துப்போனது. ஓடிப்போய்க் கிடங்குத் திரையைக் கழற்றி எடுத்துவந்தாள். அது கறுப்பாக இருந்தது. வெயில் இல்லாததால் சார்ஜ் தீர்ந்து எப்போதோ அணைந்திருந்தது. 'டிங்' மட்டும் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அணைந்த திரை கையில் இருக்கும்போதே மறுபடியும் 'டிங்' என்று கேட்டது.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். கிளையில் கிண்கிணி உட்கார்ந்திருந்தாள். திறந்த அலகை மூட மறந்திருந்தாள்.

நாச்சியம்மைக்கு வந்த கோபத்தில் மரத்தையே பிடுங்கியிருப்பாள். அதற்குள் கிண்கிணி தானாகவே கீழே வந்துவிட்டாள். குட்டி எங்கே இருக்கிறது என்று வேழவல்லியிடம் கேட்டாள். ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, பாறை வழியாகத்தான் போக முடியும் என்று சொல்லி முன்னால் பறந்தாள். நாச்சியம்மையும் பன்றிகளும் குடுக்கைகளோடு பின்னால் ஓடினார்கள். குட்டியின் வாயைத் திறந்து, புண்ணுக்குப் புண் நாச்சியம்மையே தேனைத் தடவினாள். வெகுநேரம் அது அசையாமல் கிடந்தது. பிறகு மெல்ல எழுந்து தாயின் மடியைத் தேடியது.

திரும்பும் வழியில் அவள் கிண்கிணியைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி இப்படிச் செஞ்ச?"

"செஞ்சது தப்புதான். குட்டி விஷயம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா வாயே தெறந்திருக்க மாட்டேன், கடைசி 'டிங்' பழக்கத்துல வந்துடுச்சு. ஆனா மொதலாளியம்மா, மான் தொடணும்னீங்க, பன்னி பாக்கணும்னீங்க. நான் என்ன செய்யணும்னு கேட்டதுக்கு ரெண்டாம் கட்டம்னு நரி சொல்லிச்சு. அது எந்தக் கெளையில இருக்குன்னு சொல்லியிருந்தா நான் போயி உக்காந்திருப்பேன்ல?"

நாச்சியம்மை காலிக் குடுக்கையைத் தோள் மாற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "யாருக்கும் வேலை போகாதுன்னு சொன்னேனே, அப்ப எனக்கே தெரியாது."

"ஒங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அதான் என் வயித்தெரிச்சல்."

மறுநாள் குணசீலன் மணலில் மூன்றாவது வட்டம் போட ஆரம்பித்திருந்தான். நாச்சியம்மை அவனுக்கு ஒரு குடுக்கைத் தேனைக் கொடுத்து, போகும் வழியையும் காட்டினாள். வட்டங்களின்மேல் பன்றிகள் ஆசை தீரப் புரண்டன.

திரைகளை அவள் தூக்கி எறியவில்லை. மைனாக்களையும் பன்றிகளையும் கூட்டிவைத்துப் பேசினாள். பேச்சு சுலபமாக இல்லை. பாதி நாள் சண்டையிலேயே போனது. முடிவில், முதலில் மான்கள் மேய்கிற வெளியில் மட்டும் திரை என்று தீர்மானித்தார்கள். வழக்கமான வாடிக்கை திரையில் வரட்டும். நோயாளிகளையும், திரையைத் தொட முடியாதவர்களையும் மைனாக்கள் நேரில் போய்ப் பார்க்கட்டும். திரை உயிரோடு இருக்கிறதா என்று கவனிப்பதும் அவர்கள் பொறுப்பு. இந்த ஏற்பாடு பிடிக்காமல் சில மைனாக்கள் வேறு காட்டுக்குப் பறந்துவிட்டன. நாச்சியம்மை அவர்களைத் தடுக்கவில்லை, பொய் சொல்லி நிறுத்தவும் இல்லை. மான்வெளியில் வேலை படிந்த பிறகு, குரங்குகள் தங்கள் தோப்புக்கும் ஒரு திரை வேண்டுமென்று தாங்களாகவே கேட்டு வந்தன.

புதுக் கருவியைக் கொண்டுவர நினைக்கிறவர், அது வந்தபின் யாருக்கு என்ன வேலை என்பதை அவரவரோடு பேசி முடித்துவிட்டுத்தான் கருவியில் கைவைக்க வேண்டும்.