கேமராவுக்குப் பக்கத்து நாற்காலி

“எனக்குப் போதும். இனிமே நடிக்க மாட்டேன். என்னை இங்கேயே வெச்சுக்குங்க.”

ஒன்பதாவது நாளாக உமையாள் இதைச் சொன்னாள்.

ஒன்பதாவது நாளாகத் தங்கபுஷ்பம் வெங்காயக் கூடையை அவள் பக்கம் தள்ளினாள்.

“அதை அப்புறம் பாக்கலாம்க்கா. இதை உரிங்க.”

குரு சிஷ்யையை அக்கா என்று கூப்பிடும் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியூயார்க்கிலிருந்து காரில் வடக்கே மூன்று மணி நேரம் போனால், ஒரு மலைச்சரிவில், பழைய பால்பண்ணைக் கட்டடத்தில் இருக்கிறது. குருவுக்கு நாற்பத்தொரு வயது. சிஷ்யைக்கு ஐம்பத்துமூன்று. அப்புறம் வேறு எப்படிக் கூப்பிடுவது?

தங்கபுஷ்பம் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா வந்தவள். இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று முடிவானவர்களை மட்டும் வைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் இருந்தாள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சும்மா உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பிறகு இன்னொருவர். இப்போது பன்னிரண்டு பேர்.

அவள் பிரசங்கம் செய்வதில்லை. சமைத்துப் போடுவாள், அவ்வளவுதான். சினிமா பார்த்து இருபது வருஷம் ஆகிறது என்பாள்.

உமையாள் நடிகை. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவள் குறையே அதுதான்.

அப்பா காரைக்குடியிலிருந்து நியூஜெர்சியில் ஒரு ரசாயன ஆலைக்கு வேலைக்கு வந்தவர். மகள் அங்கேயே பிறந்து, வீட்டுத் தமிழும் பள்ளிக்கூட நாடகமுமாக வளர்ந்தாள். நடித்ததெல்லாம் பெரிய கம்பெனிகள் எட்டிக்கூடப் பார்க்காத சின்னப் படங்கள். பதினெட்டு நாளில் எடுத்து, பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரின் விழாவில் முந்நூறு பேருக்குக் காட்டி, அத்தோடு பெட்டிக்குள் போய்விடும். அப்படி முப்பத்தெட்டுப் படங்கள். மோட்டல்காரி, டாக்டர், டாக்டர் பெண்டாட்டி, பக்கத்து வீட்டுக்காரி. நாற்பது தாண்டியதும் அம்மா, அம்மா, அம்மா.

இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருத்தர் முகத்தைக் காட்டும்போது, எதிரே இருப்பவரின் தோள் ஓரமாகத் தெரியும். உமையாளின் இடது தோளை அமெரிக்காவில் பல பேர் பார்த்திருக்கிறார்கள்.

அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு போன் வரவேண்டியிருந்தது.

“ஜோனான்னு ஒரு டைரக்டர்,” என்றாள் உமையாள். “ஓஹையோல ஒரு படம். அம்மா வேஷம். இன்னிக்குள்ள பதில் சொல்லணும். நீங்களே எடுத்து, நான் வரலைன்னு சொல்லிருங்களேன்.”

“நான் எப்படிக்கா சொல்லுவேன்? அந்தத் தம்பி என்னையா கூப்பிடுது?”

“எனக்குச் சொல்ல வாய் வராது. முப்பத்தெட்டுப் படத்துலயும் இதே கதைதான். கேட்டா சரின்னுடுவேன்.”

“எது முடியல உங்களுக்கு? வேலையா?”

“வேலை இல்லை. முட்டி வலிக்குது, தூக்கம் போச்சு, அதெல்லாம் சரி. பாத்ரூம் சுவத்துல போனை ஒட்டிவெச்சு, அதுக்கு முன்னாடி அழுது, வேஷம் கேட்டு அந்த வீடியோவை அனுப்பி, பதிலே வராம இருக்கும் பாருங்க, அதுகூடச் சரி.”

“பின்ன?”

உமையாள் ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

“நெப்ராஸ்கா,” என்றாள்.

தங்கபுஷ்பம் அடுத்த வெங்காயத்தை எடுத்துக் கொடுத்தாள்.

“அங்க ஒரு படம். அப்ப எனக்கு முப்பத்தொரு வயசு. நல்ல கதை. நான் மோட்டல்காரி. வீட்டை விட்டு ஓடிவந்த பொண்ணு ஒருத்தி என்கிட்ட ஒரு வாரம் தங்குறா. கடைசியில நான் அவளை பஸ் ஏத்தி அனுப்பணும். அனுப்ப மனசில்லை, ஆனா அனுப்பணும். அந்தப் படமே அந்த ஒரு சீன்தான். அதுக்காகத்தான் நான் ஒத்துக்கிட்டேன்.”

“ம்.”

“கேமரா ஒரு நேரத்துல ஒரு பக்கத்தைத்தான் எடுக்கும். அவ முகத்தை எடுக்கறப்ப, நான் கேமராவுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்து என் வசனத்தைச் சொல்லணும். நான் படத்துல தெரிய மாட்டேன். அவ பாக்கறதுக்கும் கேக்கறதுக்கும் ஒரு ஆள், அவ்வளவுதான். பெரிய ஆளுங்க அதுக்கு உக்கார மாட்டாங்க. ரூமுக்குப் போய்ப் படுத்துக்குவாங்க. யாராவது ஒரு அசிஸ்டென்ட் பேப்பரைப் பாத்து ஒப்பிப்பான்.”

“நீங்க உக்காந்தீங்க.”

“உக்காந்தேன். டைரக்டர் சொன்னான், ‘அந்தப் பொண்ணு புதுசு, அவ பக்கத்தை முதல்ல முடிச்சுடுவோம்’னு. சரின்னேன். எனக்குப் பாதியாப் பேசத் தெரியாது. மத்தவங்க இதுல சாமர்த்தியமா இருப்பாங்க. தனக்குன்னு மிச்சம் வெச்சுக்குவாங்க. நான் ஏழு தடவை சொன்னேன். ஏழு தடவையும் நிஜமா அழுதேன். படத்துல தெரியாத இடத்துல உக்காந்து அழுதேன்.”

“அப்புறம்?”

“கேமராவை என் பக்கம் திருப்பினாங்க. நவம்பர் மாசம். நாலரைக்கே சூரியன் போயிடும். ஒரு தடவை எடுக்கத்தான் வெளிச்சம் இருந்தது.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“வரலை. ஒரு சொட்டு வரலை. கிணத்தை ஏழு தடவை இறைச்சாச்சு. பஸ் டைம் சொல்ற மாதிரி சொன்னேன். என் பக்கத்தையே தூக்கிட்டாங்க. அந்த சீன் முழுக்க அவ முகம்தான். என் குரல் மட்டும் வரும்.”

“அந்தப் பொண்ணு?”

“பரிசு வாங்கினா. இப்ப பெரிய ஸ்டார். அந்த அழுகையை எப்படி அழுதீங்கன்னு டி.வி.ல கேட்டாங்க. கண்ணை மூடி எங்க பாட்டியை நினைச்சுக்கிட்டேன்னா.”

உமையாள் சிரித்தாள். அதைக் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

“அவ கண்ணை மூடவே இல்லை. என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. அதுக்கப்புறம் எல்லாப் படத்துலயும் இதேதான். யாராவது புதுசா வருவாங்க, அவங்க பக்கம் முதல்ல. முதல்ல யார் பக்கம்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேக்கவும் கூச்சம். இப்ப இந்த ஜோனா படத்துலயும் பத்தொன்பது வயசுல ஒரு பொண்ணு. முதல் படம்.”

கடிகாரத்தில் மணி பதினொன்றரை.

தங்கபுஷ்பம் கையைக் கழுவினாள். அலமாரியிலிருந்து பெரிய சோற்றுப் பானையை எடுத்தாள். ஸ்டூல் ஒன்றை நடுவில் இழுத்துப் போட்டு, பானையை அதன்மேல் படுக்கவைத்தாள். பானையின் வாய் தன்னைப் பார்க்கும்படி எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இதான் கேமரா. எங்க உக்காருவீங்க?”

“விளையாடாதீங்க.”

“எனக்கு சினிமா தெரியாதுல்லா? காட்டுங்க.”

உமையாள் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து பானைக்கு ஒட்டினாற்போலப் போட்டாள். இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டாள். சரியாக இல்லை என்று மறுபடி நெருக்கிப் போட்டாள். எத்தனை களைப்பிலும் அந்தக் கை தன் வேலையைச் செய்தது.

“இவ்வளவு கிட்டக்கவா?”

“கிட்டக்க இருந்தாத்தான் படம் பாக்கறவங்களுக்கு அவ கண்ணு ரெண்டும் தெரியும்.”

“சொல்லுங்க.”

“அது இங்கிலீஷ் வசனம்.”

“எனக்குத் தமிழ்ல சொல்லுங்க.”

இருபத்திரண்டு வருஷமாக மனப்பாடமாக இருக்கும் வசனம். தமிழில் ஒரு நாளும் அவள் சொல்லிப் பார்த்ததில்லை. அப்பா அம்மாவோடு மட்டும் பேசிய பாஷையில் அதற்கு வார்த்தை தேட வேண்டியிருந்தது.

முதல் வரியை வெட்கத்தோடு, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“பஸ் வந்திருச்சு. கிளம்பு.”

இரண்டாவது வரிக்கு நிமிர்ந்தாள். எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

“பையில சோறு கட்டி வெச்சிருக்கேன். கெட்டுப்போறதுக்குள்ள சாப்பிட்டுரு.”

தங்கபுஷ்பம் அசையவில்லை.

“எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருந்துக்குவேன். நீ போ.”

அவளுக்குத்தான் பாதியாகப் பேசத் தெரியாதே. குரல் இறங்கிவிட்டது.

“திரும்பிப் பாக்காம போ. கதவை நான் சாத்திக்கிறேன்.”

தங்கபுஷ்பத்தின் கண் நிறைந்தது. வழிந்தது. அவள் துடைக்கவில்லை. மூக்கு ஒழுகியதையும் துடைக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்கியது. அப்புறம் சத்தம் வந்தது. அழகான அழுகை இல்லை. இப்படி அழுதால் எந்தப் படத்திலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

உமையாள் நாற்காலியை விட்டு எழவில்லை. அந்த முகத்தைவிட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை. அழுது முடியும்வரை அப்படியே இருந்தாள்.

“எங்கம்மா இதையேதான் சொன்னா,” என்றாள் தங்கபுஷ்பம், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டுல. புளிச்சோறு கட்டிக் கொடுத்தா. அவ செத்தப்ப நான் இங்க டியூட்டியில இருந்தேன். வேற யாரோ ஒரு கிழவி கையைப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு அழுகை வரலை. அப்புறமும் வரலை. ஒம்போது வருஷமாச்சு.”

“மன்னிச்சிருங்க. எனக்குத் தெரியாது.”

“எதுக்கு மன்னிப்பு? நல்லா இருக்குக்கா. ரொம்ப நல்லா இருக்கு.”

மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். பானையைத் திருப்பினாள். இப்போது அதன் வாய் உமையாளைப் பார்த்தது.

“ம். இப்ப உங்க பக்கம்.”

உமையாள் வாயைத் திறந்தாள். மூடினாள். பானைக்குள் பார்த்தாள்.

“வராது,” என்றாள். “நான்தான் சொன்னேனே. காலி.”

தங்கபுஷ்பமும் குனிந்து பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஆமா, காலியாத்தான் இருக்கு.”

பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டாள். பாதிக்குமேல் தண்ணீர் நிரம்பியதும் அடுப்பில் ஏற்றிப் பற்றவைத்தாள்.

“என்ன பண்றீங்க?”

“பன்னெண்டு பேருக்குப் பசிக்கும்லாக்கா?”

அரிசியை அளந்து கழுவத் தொடங்கினாள்.

“ஒண்ணு கேக்கணும்,” என்றாள் அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “அவ்வளவு நேரம் பேசினீங்களே, இந்தப் பானையை ஏன்க்கா ஒரு தடவைகூடப் பாக்கலை?”

உமையாள் பதில் சொல்ல யோசித்தாள். அத்தனை நேரமும் எதிரே இருந்தவளைத்தான் பார்த்திருந்தாள்; யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது.

போன் அடித்தது.

சுவரில் மாட்டிய பழைய போன். மூன்று தடவை அடித்தது. தங்கபுஷ்பத்தின் கை இரண்டும் அரிசித் தண்ணீரில் இருந்தன. ஐந்தாவது தடவைக்கு உமையாள் எழுந்தாள். உட்கார்ந்தே இருந்ததில் முட்டி பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய் எடுத்தாள்.

ஜோனா ஒரே மூச்சில் பேசினான். வேனில் இடம் குறைச்சல், தங்குவதற்குக் கிடைத்த வீட்டில் ஹீட்டர் சரியில்லை, அத்தனைக்கும் இப்போதே மன்னிப்புக் கேட்கிறேன், நீங்கள் வந்தால்தான் இந்தப் படம் என்றான்.

“அம்மாவும் பொண்ணும் பிரியற சீன் இருக்கே,” என்றாள் உமையாள். “அதுல முதல்ல யார் பக்கம் எடுப்பீங்க?”

இவள் இப்படிக் கேட்பாள் என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

“உங்க பக்கம்,” என்றான். “நீங்க சொல்றதுதான். முதல்ல உங்க பக்கம். எழுதியே தர்றேன்.”

இதைக் கேட்க இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தாள். கேட்டதும் சுவரில் சாய்ந்துகொண்டாள். களைப்பு ஒன்றும் தீரவில்லை. முட்டியும் வலித்தது.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. தங்கபுஷ்பம் அரிசியைப் பானையில் போட்டாள். அவள் கண் இன்னும் சிவந்திருந்தது.

உமையாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஹலோ? இருக்கீங்களா?” என்றான் ஜோனா.

“இருக்கேன். வேண்டாம். அந்தப் பொண்ணு பக்கம் முதல்ல எடுங்க.”

“அப்ப நீங்க?”

“அப்புறம் வெளிச்சம் இருந்தா என்னை எடுங்க.”