ஒரு பக்கம் அடுக்கிய மூட்டைகள்

மணல் மூட்டைகள் எல்லாம் இடது பக்கம் போனதும் படகு சாய்ந்தது. இதற்கு மேல் ஏறக் கூடாது என்று விலாவில் வரைந்திருந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டித் தண்ணீர் நாலு விரல் மேலே ஏறி நின்றது.

தனுஷ்கோடி குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து எஸ்தரின் முகத்தைப் பார்த்தார்.

எஸ்தர் கொரைரா, கட்டி முடித்த படகுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் சர்வேயர். தனுஷ்கோடியைவிட வயதில் ரொம்ப இளையவர். தனுஷ்கோடியோ ஆயுசில் பாதியைக் கப்பல் எஞ்சின்களோடு கழித்தவர். கரைக்கு வந்தபின் சும்மா இருக்கப் பிடிக்காமல் எஸ்தரிடம் தொழில் கற்கச் சேர்ந்திருந்தார். எஸ்தர் அவரை அண்ணாச்சி என்பார். அவர் எஸ்தரை மேடம் என்பார். குரு யார், சீடர் யார் என்பதில் இரண்டு பேருக்குமே குழப்பம் இருந்ததில்லை.

படகைக் கட்டியவர் சந்தியாகு. தீவிலிருக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கு ஜனங்களை ஏற்றிப்போக ஆசை ஆசையாகக் கட்டியிருந்தார். ஃபைபரிலோ போல்ட்டிலோ கைவைத்துக் குறைக்கிற ஆளில்லை. ஒரு காரியம்தான் செய்திருந்தார். ஒப்புதல் வாங்கிய வரைபடத்தில் இல்லாத மேல்தட்டு ஒன்றைப் போட்டு, அதில் பெஞ்சுகளை முடுக்கியிருந்தார். வயசானவர்கள் காற்றாட உட்கார்ந்து வரட்டுமே என்று.

"தேறலை. மேல இருக்கிற பெஞ்சு, தட்டு, எல்லாத்தையும் கழட்டுங்க. மறுபடி பார்ப்போம்" என்றார் எஸ்தர்.

சந்தியாகுவின் முகம் விழுந்துவிட்டது.

"மேடம், மூட்டைக்குப் புத்தி கிடையாது. தூக்கி வச்ச பக்கம் கிடக்கும். மனுசன் அப்படியா? அத்தனை பேரும் ஒரே பக்கமா போய் நிப்பான்? நான் சொன்னா சொன்ன இடத்துல உக்காருவாங்க. திருவிழா வேற நெருங்கிட்டு."

 தனுஷ்கோடி எஸ்தரைக் கொட்டகை நிழலுக்குக் கூட்டிப்போனார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. எனக்கும் அதே சந்தேகம்தான்."

"கேளுங்க அண்ணாச்சி."

"ஆளுக்கொரு மூட்டைன்னு கணக்குப் போடுறது புரியுது. அத்தனையையும் ஒரே பக்கம் ஏன் அடுக்கணும்? அறிவுள்ளவன் எவனும் அப்படிப் போய் நிக்க மாட்டானே. எந்த முட்டாள்களை மனசுல வச்சு இந்த விதியை எழுதினாங்க?"

எஸ்தர் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"மூட்டையை இறக்கச் சொல்லுங்க. மனுசங்களையே ஏத்துவோம். பாதிப் பேர் போதும். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கணும். படகை ஜெட்டிப் பாலத்தை ஒட்டியே கட்டுங்க."

சந்தியாகுவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பட்டறை ஆட்களையெல்லாம் கூப்பிட்டு ஏற்றினார். மேல்தட்டிலும் கீழேயும் இரண்டு பக்கமும் சமமாக உட்கார வைத்தார். நடுவில் நின்றுகொண்டு, "ஒருத்தனும் அசையப்படாது. அசைஞ்சீங்கன்னா தொலைச்சுப்புடுவேன்" என்று அதட்டினார். தனுஷ்கோடியும் மேலே ஏறி வலது பக்க பெஞ்சில் உட்கார்ந்தார். படகு தராசு முள் மாதிரி நேராக நின்றது.

"பாத்தீங்களா மேடம்!" என்று கத்தினார் சந்தியாகு.

எஸ்தர் ஜெட்டியில் நின்றபடி தலையாட்டினார். பிறகு பட்டறைக்குள் போய்ச் சந்தியாகுவின் மனைவி ஜெனோவாவிடம் ஏதோ சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் ஜெனோவா வெளியே வந்தார். தலையில் முக்காடு. கையில், படகின் முகப்பில் வைப்பதற்காக வாங்கிவைத்திருந்த மாதா சுரூபம். புது மல்லிகை மாலை போட்டு, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஜெட்டியோரமாக மெல்ல நடந்து வந்தார்.

முதலில் எழுந்தவர் யாரென்று சொல்ல முடியாது. எல்லாரும் எழுந்தார்கள். ஜெட்டிப் பக்கம் நெருங்கினார்கள். சிலுவை போட்டுக்கொண்டார்கள். தனுஷ்கோடி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பியபடி கூட்டத்தோடு கூட்டமாய் அந்தப் பக்கம் வந்திருந்தார். எல்லாருக்கும் முன்னால், விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஈரக் கண்களோடு நின்றவர் சந்தியாகு.

படகு சாய்ந்தது. ஜெட்டியில் தொங்கிய டயர்களில் உரசிக்கொண்டு கிரீச்சென்று கீழே இறங்கியது. டயர்கள் தாங்கியதால்தான் நின்றது. மேல்தட்டில் யாரோ "ஆத்தா!" என்று அலறினார்கள். தனுஷ்கோடியின் வெறுங்கால் வழுக்கியது. கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி கீழே பார்த்தார். ஆள் பாதிதான்; ஆனாலும் எல்லாரும் எழுந்து விளிம்பில் நின்ற கனத்தில் வெள்ளைக் கோடு கண்ணுக்கே தெரியவில்லை.

"அப்படியே நில்லுங்க. ஒவ்வொருத்தரா பின்னால வாங்க. மேல இருக்கிறவங்க முதல்ல" என்று எஸ்தரின் குரல் நிதானமாகக் கேட்டது.

எல்லாரும் இறங்கிய பிறகு சந்தியாகு கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேல்தட்டுக்கு ஏறினார். பின்னாலேயே தனுஷ்கோடியும் ஏறினார். பெஞ்சுகள் கழன்று வந்தன. தட்டு வந்தது. தட்டைத் தாங்கிய கம்பிகளும் வந்தன. அன்றைக்குப் பட்டறையில் யாரும் சாப்பாட்டுக்குக்கூட உட்காரவில்லை. ஆடி அசைந்தபடி மூட்டைகள் மறுபடி ஏறி, எல்லாம் இடது பக்கம் போயின.

படகு சாய்ந்தது. தண்ணீர் வெள்ளைக் கோட்டுக்குக் கீழேயே நின்றது.

மூட்டைகளை வலது பக்கம் மாற்றினார்கள். அங்கேயும் கோட்டுக்குக் கீழேயே நின்றது.

எஸ்தர் குனிந்து இரண்டு தரம் பார்த்தார். "தேறிட்டு" என்றார்.

சந்தியாகு பட்டறைக்குள் ஓடினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பலகை. பெயின்ட் இன்னும் காயவில்லை. "படகு ஓடும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்று சிவப்பில் பெரிசாக எழுதியிருந்தது.

"இனிமே ஒருத்தனும் எழுந்திருக்கப்படாது. மாதாவே வந்தாலும் சரி" என்று சொல்லித் தனுஷ்கோடியிடம் நீட்டினார். 

தனுஷ்கோடி பலகையை வாங்கி எஸ்தரிடம் கொண்டுபோனார்.

"இதை எந்த இடத்துல மாட்டணும் மேடம்?"

எஸ்தர் அதைப் படித்தார். பெயின்ட் கையில் ஒட்டாமல் வாங்கி, ஜெட்டியில் கவிழ்த்து வைத்தார்.

"எழுந்திருக்கட்டும் அண்ணாச்சி. அதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டோம்."